ஒரு பக்கம் சாய்ந்த பிக்கப்பும் நாமக்கல்லின் ஒரு கமான் பட்டைப் பட்டறையும்

லாரிக்குப் பாடி கட்டும் தொழில் நாமக்கல்லில் ஆழமாக வேரூன்றியிருப்பதால், கமான் பட்டை (வண்டியின் எடையைத் தாங்கும் வில் போன்ற எஃகுப் பட்டை) வேலை செய்யும் பட்டறைகளுக்கு இங்கே பஞ்சமே இல்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை பத்துச் சக்கர, பன்னிரண்டு சக்கர லாரிகளை நம்பி நடப்பவை. பிக்கப் வண்டியின் மெல்லிய பட்டைகளைப் பொறுமையாக அளந்து, எங்கே கோளாறு என்று கண்டறிந்த பிறகே கை வைக்கும் இடம் அரிதாகத்தான் கிடைக்கிறது. அப்படி ஒரு பட்டறையில் எங்கள் இசுஸு டி-மேக்ஸ் வண்டியின் பின்பக்கச் சாய்வைச் சரிசெய்துகொண்ட அனுபவத்தை எழுதுகிறேன். அந்தப் பட்டறையின் பலகையில் 'கமான் பட்டை வேலை' என்பதைத் தவிர வேறு பெயர் எதுவும் கிடையாது. ஆகவே இந்த மதிப்பீட்டைப் படிப்பவர்கள், தத்தம் ஊரில் இதே வேலைக்கு ஒரு பட்டறையைத் தேர்ந்தெடுக்கும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்பதற்காகவும் இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

எங்கள் வண்டி முட்டை ஏற்றும் வண்டி. ஒரு முட்டை சுமார் 55 கிராம் என்று வைத்துக்கொண்டால், 30 முட்டை அடங்கிய ஓர் அட்டை 1.65 கிலோ வருகிறது. 600 அட்டை ஏற்றினால் ஏறக்குறைய ஒரு டன். இந்தச் சுமையில் வண்டியின் கிளீனர் பக்கம், அதாவது இடப்பக்கம், பின்னால் தாழ்ந்து நின்றது. மணல், செங்கல் ஏற்றும் வண்டியில் இந்த அளவு சாய்வைப் பலர் கண்டும் காணாமல் விட்டுவிடுவார்கள். முட்டையில் அது முடியாது. அடுக்கு முழுவதும் ஒரே பக்கமாக அழுந்துவதால் ஓர ஓரமாக இருக்கும் அட்டைகளில்தான் உடைசல் முதலில் தெரியும். அதோடு, சாய்ந்த பக்கத்து டயரும், பட்டை முனைகளில் உள்ள புஷ்ஷும் (ரப்பர் உறை) கூடுதல் சுமையை ஏற்றுக்கொண்டே ஓடுகின்றன.

முதலில் காட்டிய வேறோர் இடத்தில் பின்பக்க ஷாக் அப்சார்பர்கள் இரண்டையும் மாற்றச் சொன்னார்கள். மாற்றியும் சாய்வு ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையவில்லை. இது பரவலாக நடக்கும் தவறு என்பதால் இங்கே குறிப்பிடுகிறேன். வண்டியின் எடையைத் தாங்குவது பட்டை. ஷாக் அப்சார்பர், பட்டையின் துள்ளலை அடக்குவது மட்டுமே. அதற்குள் இருக்கும் வாயு அழுத்தம் மிகச் சிறிய அளவில் தூக்கிக் கொடுக்கலாமே தவிர, உட்கார்ந்துபோன பட்டையை அது நிமிர்த்தாது. சாய்வுக்கு மருந்தாக ஷாக் அப்சார்பரைச் சொல்லும் இடத்தில் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை என்பது என் கருத்து.

இந்தப் பட்டறையில் உரிமையாளர் முதலில் கேட்ட கேள்வியே என் நம்பிக்கையைப் பெற்றது. சாய்வு காலி வண்டியில் அதிகமா, சுமையேற்றிய வண்டியில் அதிகமா என்று கேட்டார். எங்களிடம் தெளிவான விடை இல்லை என்றதும், காலியாக இருக்கும்போது ஒருமுறையும், அட்டைகளை இரு பக்கமும் சமமாக அடுக்கிச் சுமையுடன் ஒருமுறையும் வண்டியைக் கொண்டுவரச் சொன்னார். இதை அலைச்சல் என்று நினைப்பவர்கள் இருக்கலாம். ஆனால் கோளாற்றின் முக்கால் பங்கு அந்த ஒரு கேள்வியிலேயே அடங்கியிருக்கிறது.

காரணம் இதுதான். பல ஆண்டுகள் சுமை தாங்கி வளைவு குறைந்துபோன பட்டை, உயரத்தை இழக்கிறதே தவிர விறைப்பை இழப்பதில்லை. விறைப்பு என்பது எஃகின் தன்மையையும் பட்டையின் நீளம், அகலம், கனம் ஆகியவற்றையும் எண்ணிக்கையையும் பொறுத்தது. அவை எதுவும் மாறுவதில்லை. எனவே ஒரு பக்கப் பட்டை வெறுமனே உட்கார்ந்திருந்தால், காலி வண்டியில் என்ன வேறுபாடு தெரிகிறதோ, சுமை ஏற்றினாலும் கிட்டத்தட்ட அதே வேறுபாடுதான் இருக்கும். சுமை ஏற ஏற வேறுபாடும் கூடிக்கொண்டே போனால், பெரும்பாலும் அந்தப் பக்கம் விறைப்பே குறைந்திருக்கிறது என்று பொருள். அதாவது பல பட்டைகளை அடுக்கிப் பிணைத்த கட்டுக்குள் ஏதோ ஒரு பட்டை விரிசல் விட்டிருக்கிறது அல்லது முறிந்திருக்கிறது. எங்கள் வண்டியில் காலியாக 28 மில்லிமீட்டர் இருந்த வேறுபாடு, சுமையுடன் 41 மில்லிமீட்டர் ஆனது. ஒரு நட்டைக்கூடக் கழற்றுவதற்கு முன்பாகவே, கிளீனர் பக்கக் கட்டில் உடைசல் இருக்க வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார்.

அளந்த முறையும் பாராட்டத்தக்கது. சாலையோரத்தில் நிறுத்தி, பாடியின் விளிம்பிலிருந்து தரை வரை டேப் பிடிப்பதுதான் பல இடங்களில் வழக்கம். நம் சாலைகள் மழைநீர் வடிவதற்காக நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிந்திருப்பவை. அங்கே நிறுத்தினால் நல்ல வண்டியும் இடப்பக்கம் சாய்ந்தே தெரியும். டயர்க் காற்று ஒரு பக்கம் குறைந்திருந்தாலும் கணக்கு மாறும். பாடி, சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) மீது நேராக உட்காராமல் இருந்தாலும் மாறும். இங்கே சிமெண்டுத் தளத்தில், ரசமட்டம் வைத்துப் பார்த்த ஓர் இடத்தில் வண்டியை நிறுத்தினார்கள். நான்கு டயருக்கும் காற்றைச் சரிபார்த்தார்கள். வண்டியை ஒருமுறை முன்னும் பின்னும் உருட்டி, பின்பக்கத்தை அழுத்தி விட்டு, பட்டைகள் தம் இயல்பான நிலைக்கு வந்த பிறகே அளந்தார்கள். டேப் பிடித்த இடம், ஹவுசிங்கின் (பின் அச்சின் கூடு) மேல்பரப்பிலிருந்து நேர் மேலே சேசிஸின் அடிப்பரப்பு வரை. இந்த அளவில் டயரும் தரையும் பாடியும் குறுக்கிடுவதில்லை; பட்டை எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பது மட்டுமே தெரியும். பிறகு பாடியையும் தனியே அளந்து, சேசிஸின் சாய்வும் பாடியின் சாய்வும் ஒத்துப்போவதை உறுதிசெய்துகொண்டார்கள்.

அதற்கடுத்த சோதனையை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. பின்பக்கம் சாய்ந்திருப்பதாலேயே கோளாறு பின்பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இந்த வண்டிக்கு முன்பக்கம் சுருள் ஸ்பிரிங். அதில் ஒன்று தளர்ந்திருந்தாலும் சேசிஸ் முழுவதும் அந்தப் பக்கம் திரும்பி, பின்னாலும் சாய்வாகத் தெரியும். இதைப் பிரித்தறிய, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, முன்பக்கக் குறுக்குச் சட்டத்தின் நட்ட நடுவில் ஒரே ஒரு ஜாக்கியை வைத்து, முன் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பும் வரை தூக்கினார்கள். இப்போது முன்பக்கம் ஒற்றைப் புள்ளியில் நிற்பதால், வண்டி எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதைப் பின்பக்கப் பட்டைகள் மட்டுமே தீர்மானிக்கும். குற்றம் முன்பக்கத்தில் இருந்திருந்தால் பின்பக்க வேறுபாடு பெருமளவு மறைந்திருக்க வேண்டும். எங்கள் வண்டியில் அது மறையவில்லை; 28 மில்லிமீட்டர் 34 ஆகக் கூடியது. இதுவரை முன்பக்க ஸ்பிரிங்குகள் சாய்வை ஓரளவு தடுத்துப் பிடித்துக்கொண்டிருந்தன. அந்தப் பிடி விலகியதும் முழு வேறுபாடும் வெளிப்பட்டது என்று விளக்கினார். இத்தனைக்கும் செலவானது சிறிது நேரம் மட்டுமே. இந்தச் சோதனையைச் செய்யாமல் பின்பக்கப் பட்டையை மாற்றிவிட்டு, பிறகு முன்பக்கத்தைத் தேடிக்கொண்டு போகிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் வருத்தமாகவே இருக்கிறது.

கழற்றிப் பார்த்ததில் அவர் சொன்னது சரியாகவே இருந்தது. கிளீனர் பக்கக் கட்டில், நீளமான மெயின் பட்டைக்கு அடுத்த பட்டை, பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட் துளையை ஒட்டி விரிசல் விட்டிருந்தது. விரிசலின் ஒரு பகுதி பழந்துருவேறியும் மறுபகுதி புது எஃகாகவும் இருந்ததால், அது ஒரே நாளில் நேர்ந்ததல்ல என்பது தெளிவாயிற்று. வெளியிலிருந்து பார்த்தால், கட்டை ஹவுசிங்கோடு பிணைக்கும் யூ போல்ட்டும் மேல் பிளேட்டும் அந்த இடத்தை முழுவதும் மூடிவிடுகின்றன. அதனால்தான் முன்பு பார்த்தவர்கள் கண்ணில் படவில்லை. யூ போல்ட் தளர்ந்த நிலையில் வண்டி ஓடினால், அசையாமல் இருக்க வேண்டிய நடுப்பகுதியும் சேர்ந்து வளையத் தொடங்கும்; துளை இருக்கும் இடமே பட்டையின் பலவீனமான இடம் என்பதால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். கிளீனர் பக்க யூ போல்ட் நட்டுகளில் இரண்டு, கையளவு பலத்திலேயே திரும்பின. எதிர்வண்டிக்கு வழிவிடத் தார்ச்சாலையை விட்டு இடச் சக்கரங்களை மண்ணில் இறக்கி ஏற்றுவது கிராமச் சாலைகளில் நாள்தோறும் நடப்பது. அந்த அடி முழுவதையும் வாங்குவதும் இதே பக்கம்தான்.

இரண்டாவதாக, டிரைவர் பக்க ஷாக்கிள் (பட்டையின் ஒரு முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஊசல் துண்டு) துருவேறி இறுகிப் போயிருந்தது. பட்டை சுமையில் நிமிரும்போது அதன் நீளம் கூடும். அந்த நீளத்துக்கு இடம் கொடுக்கவே ஷாக்கிள் ஊசலாடுகிறது. அது இறுகினால் அந்தப் பக்கம் தாழ வேண்டிய அளவுக்குத் தாழாமல் உயர்ந்தே நின்றுவிடும். ஆக, ஒரு பக்கம் இறங்கியதோடு மறுபக்கம் இறங்க மறுத்ததும் சேர்ந்துதான் எங்கள் சாய்வு. உடைந்த பட்டையைக் கண்டதோடு நின்றுவிடாமல் மறுபக்கத்தையும் முழுமையாகக் கழற்றிப் பார்த்ததை இந்தப் பட்டறையின் பெரிய தகுதியாகக் கருதுகிறேன்.

சரிசெய்யும் வழி பற்றிய பேச்சுக்கு வருகிறேன். எங்கள் ஓட்டுநர், தாழ்ந்த பக்கத்தில் மட்டும் ஒரு பட்டையைக் கூடுதலாகச் செருகிவிடலாமே என்றார். ஊரெங்கும் நடக்கும் வைத்தியம் அது. பட்டறைக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. "ஒத்தப் பக்கம் பட்டை போட்டா காலி வண்டி நேரா நிக்குமுங்க, லோடு ஏத்துனா எதிர்ப்பக்கம் சாயுமுங்க," என்றார். அவர் சொன்னது முற்றிலும் உண்மை. கூடுதல் பட்டை உயரத்தை மட்டும் தருவதில்லை, விறைப்பையும் கூட்டுகிறது. விறைப்பு அதிகமான பக்கம் சுமையில் குறைவாகவும், மற்றப் பக்கம் அதிகமாகவும் தாழும். பிரேக் பிடிக்கும்போதும் பள்ளத்தில் இறங்கும்போதும் இரண்டு பக்கமும் இரண்டு விதமாக நடந்துகொள்ளும் வண்டியை ஓட்டுவது பாதுகாப்பானதல்ல. ஹவுசிங்குக்கும் பட்டைக்கும் இடையில் ஒரு பக்கம் மட்டும் இரும்புத் துண்டு வைத்து உயர்த்தும் பழக்கமும் உண்டு. அது விரிசலை அப்படியே உள்ளே வைத்துப் பூட்டுவது ஆகும்.

உடைந்த பட்டையை மட்டும் மாற்றுவது என்ற வழியையும் பேசினோம். அதில் கவனிக்க வேண்டியது கனம். பட்டையின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. 7 மில்லிமீட்டர் பட்டைக்குப் பதிலாக 8 மில்லிமீட்டர் பட்டையைப் போட்டால், பார்வைக்கு ஒரு மில்லிமீட்டர் வேறுபாடுதான், ஆனால் அந்த ஒரு பட்டையின் விறைப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடும். 'கிட்டத்தட்ட இதே அளவு' என்று கடையில் எடுத்துக் கொடுக்கும் பட்டை எவ்வளவு பெரிய மாற்றத்தை உண்டாக்கும் என்பதை இதிலிருந்து உணரலாம்.

பழைய பட்டைகளுக்கு மீண்டும் வளைவு ஏற்றித் தருவதுதான் இந்தப் பட்டறையின் அன்றாடத் தொழில். அதில் வருமானமும் உண்டு. இருந்தும், எங்கள் வண்டிக்கு அதைப் பரிந்துரைக்கவில்லை. பட்டைக்கான எஃகைத் தொழிற்சாலையில் பழுக்கச் சுட்டு, எண்ணெயில் குளிரவைத்து, மறுபடி அளவான சூட்டில் பதப்படுத்தி, பிறகு இழுவிசை படும் பரப்பில் சிறு எஃகு மணிகளை வேகமாக அடித்து மேற்பரப்பை இறுக்குகிறார்கள். திரும்பத் திரும்ப வளைவதால் எஃகுக்கு வரும் களைப்பினால் விரிசல் வராமல் காப்பது கடைசியில் சொன்ன இந்த வேலைதான். உலையில் சுட்டு வளைத்தால் இந்தப் பதமெல்லாம் போய்விடும். சுடாமல் சம்மட்டியால் அடித்து வளைத்தால், அந்த வளைவு நெடுநாள் நிற்காமல் மறுபடியும் உட்கார்ந்துவிடும். புதுப் பட்டை கிடைக்காத பழைய வண்டிக்கு இது தவிர்க்க முடியாத வழியாக இருக்கலாம். கடையில் முழுக் கட்டு கிடைக்கும் வண்டிக்கு அது தேவையில்லை என்று அவரே சொன்னார். தன் கைத்தொழிலின் எல்லையைத் தானே எடுத்துச் சொன்ன அந்த நேர்மைக்காகவே இந்த மதிப்பீட்டை எழுத நினைத்தேன்.

ஆகவே இரண்டு பக்கமும் ஒரே நிறுவனத்தின் புதிய கட்டுகளைப் போட முடிவாயிற்று. வாங்கி வந்த கட்டுகளையும் அப்படியே ஏற்றிவிடாமல், இரண்டையும் தரையில் பக்கம் பக்கமாக வைத்து, ஒரு கண்ணிலிருந்து (பட்டை முனையில் உள்ள வளையம்) மறுகண்ணுக்கு நூல் பிடித்து, நடுவில் வளைவின் ஆழத்தை அளந்தார்கள். புதிய கட்டுகளுக்கு இடையிலேயே 5 மில்லிமீட்டர் வேறுபாடு இருந்தது. தயாரிப்பில் இப்படிச் சிறு ஏற்ற இறக்கம் இருப்பது இயல்பே. அதில் உயரமானதை, அதிக அடி வாங்கும் கிளீனர் பக்கத்துக்கு ஒதுக்கினார்கள்.

பொருத்திய விதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. பட்டையின் கண்களிலும் ஷாக்கிளிலும் உள்ள ரப்பர் புஷ் போல்ட்டுகளை, வண்டி ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கவில்லை. போல்ட்டுகளை லேசாக மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, அதன் எடை பட்டைகளில் முழுவதும் உட்கார்ந்த பிறகே இறுக்கினார்கள். தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி தரைக்கு வந்ததும் ரப்பர் முறுக்கேறியே இருக்கும். புஷ் சீக்கிரம் கிழிவதோடு, அந்த முறுக்கே வண்டியின் உயரத்தையும் மாற்றிக் காட்டும். பழைய யூ போல்ட்டுகளை மீண்டும் பயன்படுத்தாமல் புதியவற்றைப் போட்டதும், நான்கு நட்டுகளையும் குறுக்குக் குறுக்காகச் சிறிது சிறிதாக இறுக்கியதும் முறையான வேலை.

குறைகளையும் சொல்ல வேண்டும். இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் அங்கே இல்லை. ஸ்பேனரில் நீளமான குழாயை மாட்டிக் கைப்பழக்கத்தில் இறுக்குகிறார்கள். யூ போல்ட் தளர்ந்ததால் வந்த கோளாற்றைச் சரிசெய்யும் இடத்தில் இது பொருந்தாத ஒன்று; அனுபவமுள்ள கை என்றாலும் அளவு அளவுதான். இளைய பணியாளர் ஒருவர் ரப்பர் புஷ்களில் கிரீஸ் பூசப் போனார். நான் கேட்ட பிறகு நிறுத்தினார். கிரீஸ் ஏற்றும் நிப்பிள் உள்ள லாரியின் உலோக புஷ்ஷுக்கு கிரீஸ் உயிர்நாடி. ரப்பர் புஷ்ஷுக்கு அதே கிரீஸ் நஞ்சு, ரப்பரை ஊறவைத்து மென்மையாக்கிவிடும். லாரி வேலையே அதிகம் நடக்கும் பட்டறைகளில் பிக்கப் வண்டியை விடும்போது உரிமையாளர்கள் இந்த ஒன்றைக் கண்காணிப்பது நல்லது. மேலும், எடுத்த அளவுகள் எல்லாம் சுவரில் சுண்ணக்கட்டியால் எழுதப்பட்டனவே ஒழிய ரசீதில் ஏறவில்லை. அவ்வளவு கவனமாக அளப்பவர்கள் அதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்க எவ்வளவோ உதவும். நான் சுவரைப் படம் எடுத்து வைத்துக்கொண்டேன்.

செலவைப் பொறுத்தவரை, பெரும்பகுதி புதிய கட்டுகளுக்கே போயிற்று. கூலி அதன் பக்கத்தில் சிறியதுதான். அளந்து கண்டறிந்ததற்குத் தனியாக எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் மகிழ்ச்சியோடு கொடுத்திருப்பேன், ஏனென்றால் தேவையற்ற ஷாக் அப்சார்பருக்குக் கொடுத்த பணத்தைவிட அது பயனுள்ள செலவாக இருந்திருக்கும். சுமையைப் பொறுத்துப் பின் பிரேக்கின் அழுத்தத்தை மாற்றும் வால்வு பொருத்திய வண்டிகளில், பின்பக்க உயரம் மாறினால் அதன் இணைப்புக் கம்பியையும் சரிபார்க்க வேண்டும். முகப்பு விளக்கின் ஒளி விழும் உயரத்தையும் அப்படியே பார்க்க வேண்டும். இவ்விரண்டையும் பட்டறைக்காரரே நினைவூட்டினார்.

வேலை முடிந்ததும் காலி வண்டியில் வேறுபாடு 4 மில்லிமீட்டர். மறுபடி முழுச் சுமையுடன் வரச் சொல்லி அளந்தபோது 5 மில்லிமீட்டர். காலியிலும் சுமையிலும் அளவு கிட்டத்தட்ட ஒன்றாகவே இருப்பது, இரு பக்கத்து விறைப்பும் சமம் என்பதைக் காட்டுகிறது. 10 மில்லிமீட்டருக்குள் இருக்கும் வேறுபாட்டைச் சுமை வண்டியில் நான் குறையாகக் கொள்ள மாட்டேன். ஐந்நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு யூ போல்ட்டுகளை மறுபடி இறுக்க வரச் சொல்லியிருந்தார். போனபோது ஒரு நட்டு கால் திருப்பு அளவுக்கு ஏறியது, மற்றவை அசையவில்லை. அதற்கும் கூலி வாங்கவில்லை.

இந்தப் பட்டறைக்குப் போக நினைப்பவர்கள் காலையிலேயே போய்விடுவது நல்லது. பிற்பகலில் லாரிகள் வரிசையாக நின்றுவிட்டால் சிறிய வண்டிகள் காத்திருக்க வேண்டியிருக்கிறது. புறப்படும் முன் நான்கு டயருக்கும் காற்றைச் சமமாக வைத்துக்கொள்ளுங்கள். சாய்வு காலி வண்டியில் எவ்வளவு, சுமையில் எவ்வளவு என்பதை வீட்டிலேயே ஹவுசிங்குக்கும் சேசிஸுக்கும் இடையில் அளந்து எழுதிக்கொண்டு போனால், இரண்டு முறை அலைய வேண்டிய தேவை இருக்காது.